ஃபான் வயரை எங்கே செருகுவது?

போன கிழமை இரவு பத்து மணிக்குக் கொக்குவிலில் இருந்து மருமகன் கோல் எடுத்தான். "மாமா, எல்லாம் பூட்டி முடிஞ்சுது, ஆனா நாலைஞ்சு வயர் மிஞ்சிக் கிடக்குது, எதை எங்க குத்துறதெண்டு தெரியேல்லை." ஏ.எல். சோதனை முடிந்து முடிவு வரும்வரை பெடியன் சும்மா இருக்கக்கூடாது என்று அக்கா சேர்த்து வைத்த காசில், பாதிச் சாமான் யாழ்ப்பாணம் டவுனில் வாங்கி, மீதி கொழும்பு யுனிட்டி பிளாசாவில் இருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்து, ஒருவழியாக உருவான முதல் கொம்பியூட்டர் அது. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இடியப்பத் தட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரே வயர், அதிலும் எல்லாம் கறுப்பு.

ஒன்றரை மணித்தியாலம் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். இதே கேள்வியைப் போன மாதம் இன்னொரு பெடியனும் கேட்டவன் என்பதால், இனி யார் கேட்டாலும் அனுப்பலாம் என்று எழுதி வைக்கிறேன். விசிறி என்று எழுதினால் எனக்கே வேறு ஏதோ போலத் தெரிகிறது, ஃபான் என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் "ஃபான் ரெண்டு வாங்கப் போறன்" என்றால் அம்மம்மா "றாத்தல் பாணோ, சங்கிலிப் பாணோ" என்று கேட்பார், அது வேறு கதை.

முதலில் பயத்தைக் கழற்றி வையுங்கள். ஃபான் வயரைச் செருகி மதர்போர்ட்டை, அதாவது எல்லாச் சாமானும் வந்து பூட்டுகிற பெரிய பலகையை, எரிப்பது லேசான காரியம் இல்லை. லேசாக எரிகிற பிழை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஃபானில் இல்லை, ஃபானுக்குள் இருக்கிற கலர் லைட்டில். அதைப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் வாய் திறக்காத பிழைகள். ஃபான் சுத்தும், லைட் எரியும், நாங்களும் சரி என்று கேசிங்கை மூடி ஸ்குரூவை இறுக்கி விடுவோம், காற்று மட்டும் ஒழுங்காகப் போகாது. நான் அப்படி ஏழு மாதம் ஓட்டியவன்.

சரி, வேலைக்கு வருவோம். சுவரில் இருந்து ப்ளக்கைக் கழற்றுங்கள், பவர் பட்டனை ஐந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிஞ்சியிருக்கிற கறண்ட் இறங்கிவிடும். கேசிங்கின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஸ்டாட்டிக் பெரிய தலையிடி இல்லை, என்றாலும் தொடுவதற்குக் காசா பணமா.

மதர்போர்ட்டில் ஃபான் செருகுகிற இடத்துக்கு ஹெடர் என்று பெயர். வரிசையாக நிற்கும் நான்கு சின்ன ஊசி, அதற்குப் பக்கத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அந்த நாக்கை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஒவ்வொரு ஹெடருக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் பெயர் அச்சடித்திருப்பார்கள், போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தால்தான் தெரியும். சி.பி.யூ. என்றால் புரொசசர்தான். சி.பி.யூ. ஃபான் என்று எழுதியது அந்தப் புரொசசர் இருக்கிற சொக்கெட்டுக்கு மேலே அல்லது ராம் பக்கமாக இருக்கும். சிஸ்டம் ஃபான், சேசி ஃபான் என்று பொருள்படச் சுருக்கி எழுதியவை போர்ட்டின் ஓரங்களில் சிதறிக் கிடக்கும். ஒரு கொம்பனி எஸ்.வை.எஸ். என்று எழுதும், இன்னொன்று சி.எச்.ஏ. என்று எழுதும், இரண்டும் கேசிங் ஃபானுக்குத்தான். சி.பி.யூ. ஆப்ட் என்று இருந்தால் அது புரொசசரின் சூட்டை இறக்கப் பூட்டுகிற கூலரில் இரண்டாவது ஃபான் வைத்திருப்பவர்களுக்கு. பம்ப் என்று இருந்தால் தண்ணீர்க் கூலருக்கு. அது வழமையாக முழு வேகத்திலேயே ஓடும், இடம் இல்லாவிட்டால் சாதாரண ஃபானையும் அதில் செருகலாம், ஆனால் பிறகு பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்க முதல் திறக்கிற போர்ட்டின் சொந்த செட்டிங் பக்கத்தில், வேகத்தைக் குறைக்க மறந்தால் இரவில் நித்திரை வராது.

பெட்டிக்குள் வந்த மனுவலை எறிந்திருந்தால் போர்ட்டின் மொடல் பெயரைப் போட்டு கொம்பனியின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் போர்ட்டின் படமும் எந்த ஹெடர் எங்கே என்ற விவரமும் இருக்கும். வாங்க முதலே இதைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் விலை குறைந்த போர்ட் பலவற்றில் சி.பி.யூ. ஹெடர் ஒன்றும் கேசிங்குக்கு ஒன்றோ இரண்டோ மட்டும்தான் இருக்கும். மருமகனுக்கு அப்படித்தான், கேசிங்கில் நான்கு ஃபான், போர்ட்டில் இரண்டு ஹெடர்.

இனி அந்த ஊசிகளின் கதை. ஃபான் வயர் 3 பின் உள்ளதாக இருக்கும், இல்லாவிட்டால் 4 பின். முதலாவது கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது ஃபான் தான் எவ்வளவு வேகத்தில் சுத்துகிறேன் என்று போர்ட்டுக்குச் சொல்கிற வயர், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்ற கணக்கில் அனுப்பும். நான்காவது இருந்தால் அது போர்ட் ஃபானுக்கு "இவ்வளவு வேகத்தில் சுத்து" என்று கட்டளை போடுகிற வயர். இந்தக் கட்டளைக்குப் பி.டபிள்யூ.எம். என்று பெயர். 12 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்காமல் முழுதாகக் கொடுத்துக்கொண்டே, இந்த நான்காவது வயரில் செக்கனுக்கு 25,000 தடவை போட்டு அணைக்கிற சைகையை அனுப்பி வேகத்தைப் பிடிப்பது. 3 பின் ஃபானுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே அதை மெதுவாக்க வேண்டுமென்றால் போர்ட் வோல்ட்டேஜையே குறைக்க வேண்டும், இதைத்தான் பயோஸில் டி.சி. மோட் என்று போட்டிருப்பார்கள்.

3 பின் ஃபானை 4 பின் ஹெடரில் செருகலாமா என்றால், தாராளமாக. ப்ளக்கில் இருக்கிற இரண்டு வரம்பும் ஹெடரின் அந்தப் பிளாஸ்டிக் நாக்கைக் கவ்விக்கொண்டு போகும், நான்காவது ஊசி வெளியே சும்மா நிற்கும். 4 பின் ஃபானை 3 பின் ஹெடரில் செருகினாலும் ஓடும். திருப்பிச் செருகத்தான் முடியாது, நாக்கு விடாது. விரல் நோகிற அளவுக்கு அமத்த வேண்டி வந்தால் ஏதோ பிழை, நிறுத்திவிட்டுப் பாருங்கள். வயரின் நிறத்தை நம்பவே வேண்டாம், ஒரு ஃபானில் மஞ்சள் 12 வோல்ட், இன்னொன்றில் அதே மஞ்சள் வேகம் சொல்கிற வயர்.

புரொசசருக்கு மேலே இருக்கிற கூலரின் ஃபான் சி.பி.யூ. ஃபான் ஹெடரில்தான் போக வேண்டும். எட்டுகிறதே என்று பக்கத்து ஹெடரில் போடாதீர்கள். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். ஃபான் நன்றாகச் சுத்தியது, ஆனால் திரையில் சி.பி.யூ. ஃபான் பிழை என்று எழுதிவிட்டு எஃப் 1 பட்டனை அமத்தச் சொல்லி நின்றது. புரொசசர் பழுது என்று நினைத்து, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவரை இருத்திக் கேசிங்கை மடியில் கொடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி வயரை ஒரு ஹெடரில் இருந்து கழற்றி அடுத்ததில் போட்டார், பத்து செக்கன் வேலை, ஆயிரம் ரூபா. போர்ட்டின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது கேட்டது நியாயம்தான். தன் சி.பி.யூ. ஹெடரில் இருந்து வேகம் சொல்கிற துடிப்பு வரவில்லை என்றால் புரொசசருக்கு மேலே ஃபான் இல்லை என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், அது இல்லாமல் ஓடினால் சூடாகிவிடும் என்று எச்சரிக்கிறது.

முடிந்தால் போர்ட்டைக் கேசிங்குக்குள் இறக்க முதலே கூலரைப் பூட்டி இந்த வயரையும் செருகி விடுங்கள். உள்ளே போன பிறகு மேல் மூலையில் கை போகாது, பெரிய கை உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். மிஞ்சிய வயரைச் சுருட்டி ஒரு சின்ன டை போட்டுக் கட்டுங்கள், தொங்கவிட்டால் ஒருநாள் ஃபான் தகட்டில் பட்டுப் படபடவென்று சத்தம் போடும், அல்லது ஃபானையே நிறுத்திவிடும்.

கிராஃபிக்ஸ் கார்ட்டின் ஃபானும் பவர் சப்ளையின் ஃபானும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், போர்ட்டில் இருந்து அவற்றுக்கு ஃபான் வயர் கிடையாது. விளையாடாத நேரத்தில் கார்ட் ஃபான் சுத்தாமல் நிற்பதும் பழுது இல்லை, இப்போது வருகிற பல கார்ட்கள் சூடு ஏறினால்தான் சுத்தத் தொடங்கும்.

இப்போது என் ஏழு மாதக் கதை. கேசிங்கின் முன்னுக்கு மூன்று ஃபான் ஏற்கெனவே பூட்டி வந்தது, பின்னுக்கு ஒன்று நானாக வாங்கிப் பூட்டினேன். ஒரு ஃபானுக்கு இரண்டு முகம். தகடுகள் முழுதாகத் தெரிகிற வடிவான முகம் ஒன்று, மோட்டாரைத் தாங்கிக்கொண்டு மூன்று நான்கு கை குறுக்கே போய் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற முகம் மற்றது. வடிவான முகம் வெளியே தெரியட்டும் என்று பின் ஃபானைப் பூட்டிவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். வடிவான முகத்தால் காற்று உள்ளே இழுபடும், ஸ்டிக்கர் முகத்தால் வெளியே தள்ளப்படும். ஆக முன்னுக்கு மூன்றும் உள்ளே இழுக்க, பின்னுக்கு இருந்ததும் உள்ளே இழுத்தது, கிராஃபிக்ஸ் கார்ட் கொதிக்கிற காற்று போக வழி தெரியாமல் உள்ளேயே சுத்திக்கொண்டு இருந்தது. நான்கு ஃபானும் அழகாகச் சுத்திக்கொண்டுதான் இருந்தன. எங்கள் ஊரில் சூடு கூட, அதுதான் இப்படி என்று நானும் சமாதானப்பட்டுக்கொண்டேன். தூசு தட்டக் கழற்றிய ஒருநாள் கையைப் பின்னுக்கு வைத்துப் பார்த்தபோதுதான் காற்று கையில் படாமல் கையைத் தாண்டி உள்ளே போவது தெரிந்தது. ஃபானைத் திருப்பிப் பூட்டினேன், அதே விளையாட்டில் கார்ட்டின் சூடு 9 பாகை இறங்கியது.

இதை விளங்கிக்கொள்ளப் பழைய கல்வீட்டை நினைத்துப் பாருங்கள். முன் வாசலுக்கு நேரே பின் வாசல் வைத்துக் கட்டியிருப்பார்கள், சோளகம் அடிக்கிற நாளில் இரண்டையும் திறந்துவிட்டால் நடு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கலாம். பின் வாசலைச் சாத்தினால் எவ்வளவு காற்று அடித்தாலும் உள்ளே புழுக்கம்தான். கேசிங்கும் அதே வீடு. முன்னாலும் கீழாலும் உள்ளே, பின்னாலும் மேலாலும் வெளியே. சூடான காற்று மேலே எழும்புகிற குணமும் அதற்கு ஒத்துப்போகும், ஆனால் அதை நம்பி இருக்கத் தேவையில்லை, ஃபான் தள்ளுகிற காற்றுக்கு முன்னால் அது சின்னப் பலம்தான். மேலே ஃபான் வைப்பதென்றால் பின் பக்கமாக வையுங்கள், முன் பக்கமாக வைத்தால் முன் ஃபான் இழுத்துவந்த குளிர்ந்த காற்றைப் புரொசசருக்குப் போக முதலே அது பறித்து வெளியே விட்டுவிடும்.

இப்போது தகட்டைத் திருப்பி வைத்துச் செய்த ஃபான்களும் வருகின்றன, வடிவான முகத்தால் காற்று வெளியே வரும்படி. அதனால் முகத்தை மட்டும் நம்பாதீர்கள். சில ஃபான்களின் சட்டத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், ஒன்று சுத்துகிற திசை, மற்றது காற்று போகிற திசை. அம்பும் இல்லை என்றால் ஓட விட்டு, ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டினால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது. சாமி அறையில் இருந்து ஊதுபத்தி எடுத்துவந்து புகை எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை, அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால்.

உள்ளே இழுப்பது வெளியே தள்ளுவதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். உள்ளே காற்று நெருக்கமாக இருந்தால் சின்னச் சின்ன ஓட்டைகளால் காற்று வெளியேதான் போகும், தூசு அவற்றால் உள்ளே வராது, வருவதெல்லாம் முன்னால் இருக்கிற வலையைக் கடந்துதான் வரவேண்டும். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் செம்பாட்டு மண் உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை, ஒரு மாதத்தில் வலை செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். கடற்கரை ஓரத்தில் இருந்தால் உப்புக் காற்று வேறு, யன்னலுக்கு நேரே கேசிங்கை வைக்காதீர்கள். சுவருக்கும் பின் பக்கத்துக்கும் இடையில் ஒரு சாணாவது விடுங்கள்.

ஃபானைப் பூட்டுகிற ஸ்குரூ கொஞ்சம் தடித்தது, கூரான முனையோடு இருக்கும். ஃபானின் ஓட்டையில் மரை இருக்காது, ஸ்குரூதான் பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டு போகும், அதனால் முதல் தடவை இறுக்கமாகத்தான் இருக்கும். நான்கையும் பாதி பாதி விட்டுக் கடைசியில் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். மிதமிஞ்சி இறுக்கினால் மூலை வெடிக்கும். வயர் வெளியே வருகிற மூலை போர்ட்டின் ஹெடருக்குக் கிட்ட இருக்கும்படி ஃபானைச் சுழற்றி வைத்துக்கொண்டு பூட்டினால் பிறகு வயர் எட்டாமல் அந்தரப்படத் தேவையில்லை. இதை நான் எப்போதும் மறந்துவிட்டுக் கழற்றித்தான் பூட்டுவது.

ஹெடர் போதாவிட்டால் ஸ்ப்ளிட்டர் என்ற கிளை வயர் இருக்கிறது, ஒன்றில் இருந்து இரண்டு அல்லது மூன்று ஃபானுக்குப் பிரிக்கும். வாங்க முதல் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. சாதாரண ஃபான் ஹெடர் ஒன்று 1 அம்பியர் வரை தாங்கும், சரியான அளவு மனுவலில் இருக்கும். ஃபானின் ஸ்டிக்கரில் அது எடுக்கிற அம்பியர் போட்டிருக்கும். 0.25 என்று இருக்கிற ஃபான் மூன்று சேர்ந்தால் 0.75, பரவாயில்லை. 0.3 போட்டது நான்கு சேர்ந்தால் 1.2, வேண்டாம். தொடங்குகிற கணத்தில் ஃபான் இன்னும் கொஞ்சம் கூட இழுக்கும், ஆகவே 1 வரை முட்ட முட்டப் போகாமல் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். ஸ்ப்ளிட்டரில் பிரிகிற ப்ளக்குகளில் ஒன்றில்தான் நான்கு ஊசியும் இருக்கும், மற்றதில் ஒன்று குறைவு, உடைந்துபோனது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். வேகம் சொல்கிற வயர் ஒரு ஃபானில் இருந்து மட்டும்தான் வரவேண்டும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் போர்ட்டுக்கு விளங்காது. அதோடு ஒரே ஸ்ப்ளிட்டரில் ஒரே மாதிரி ஃபான்களைப் போடுங்கள், 3 பின்னும் 4 பின்னும் கலந்தால் பி.டபிள்யூ.எம். மோடில் 3 பின் ஃபான் எப்போதும் முழு வேகத்தில் கத்தும்.

ஐந்து ஆறு ஃபான் என்றால் ஹப், அதாவது பல ஃபான்களை ஒன்றாகச் செருகுகிற சின்னப் பெட்டி, வாங்குவது நல்லது. அதற்குக் கறண்ட் பவர் சப்ளையில் இருந்து சாட்டா வயரால் வரும், போர்ட்டில் இருந்து கட்டளை மட்டும் ஒரு வயரால் வரும், ஹெடருக்குப் பாரம் இல்லை. விலை குறைந்த கேசிங்கோடு வருகிற ஃபான்கள் சிலவற்றில் பெரிய நான்கு துளை மொலெக்ஸ் ப்ளக் இருக்கும், அது நேரே பவர் சப்ளையில் போகும், வேகத்தைக் குறைக்க வழியே இல்லை, காலையும் இரவும் ஒரே இரைச்சல். இன்னும் சிலவற்றில் 6 பின் ப்ளக் இருக்கும், அது கேசிங்கோடு வந்த ஹப்பில் மட்டும்தான் போகும், போர்ட்டில் இடம் தேடி அலையாதீர்கள். மருமகன் அலைந்துகொண்டு இருந்தது இதற்குத்தான்.

இப்போது அந்த எரிகிற பிழை. கலர் லைட் உள்ள ஃபானில் இருந்து இரண்டு வயர் வரும், ஒன்று ஃபானுக்கு, மற்றது லைட்டுக்கு. லைட் வயரில் இரண்டு சாதி. பழைய ஆர்.ஜி.பி. 12 வோல்ட், நான்கு துளை வரிசையாக. புதிய ஏ.ஆர்.ஜி.பி. 5 வோல்ட், நான்கு துளைக்கு இடம் இருந்தாலும் ஒன்று அடைபட்டு மூன்றுதான் இருக்கும். 5 வோல்ட் லைட்டைக் கொண்டுபோய் 12 வோல்ட் ஹெடரில் போட்டால் லைட் ஒருமுறை எரியும், அதோடு சரி. போர்ட்டில் பெயர் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எம்.எஸ்.ஐ. போர்ட்டில் ஜே ரெயின்போ என்பது 5 வோல்ட், ஜே ஆர்.ஜி.பி. என்பது 12. ஜிகாபைட்டில் டி லெட் என்று எழுதியது 5 வோல்ட், லெட் சி என்று எழுதியது 12. அசூஸில் ஏ.டி.டி. ஜென் என்று தொடங்குவது 5 வோல்ட். சில போர்ட்டில் இரண்டுமே இருக்காது, அப்போது ஹப்பில் இருக்கிற பட்டனை அமத்தித்தான் கலர் மாற்றலாம், எரிகிறதே, அது போதும்.

முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்ன பிளாஸ்டிக் நாக்கு இங்கேதான் உதவும். நாக்கு இருந்தால் ஃபான் ஹெடர். வெறும் ஊசிகள் நிர்வாணமாக நின்றால் அது லைட்டுக்கோ வேறு எதற்கோ. 12 வோல்ட் லைட் ஹெடரின் ஊசி இடைவெளி ஃபான் ஹெடரைப் போலவே இருப்பதால் ஃபான் ப்ளக் அதிலும் உள்ளே போய்விடும். லைட் வயரின் ப்ளக் முன் பக்க யு.எஸ்.பி. ஊசிகளிலும் ஏறிவிடும், ஏறுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு ப்ளக்கும் கறுப்பு, அளவும் ஏறக்குறைய ஒன்று. பெயரை வாசிக்காமல் ஒன்றையும் செருகாதீர்கள், அதுவும் இரவு பத்து மணிக்கு.

எல்லாம் செருகிய பிறகு பக்கக் கதவை மூடாமலே முதல் தடவை போட்டுப் பாருங்கள். எல்லா ஃபானும் சுத்துகிறதா, ஏதாவது தகட்டில் வயர் படுகிறதா, டிஷ்யூ எந்தப் பக்கம் பறக்கிறது. பிறகு டிலீட் அல்லது எஃப் 2 பட்டனைத் தட்டித் தட்டி பயோஸுக்குள் போங்கள். அங்கே ஃபான் பெயர்களுக்கு நேரே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும், 120 மில்லிமீட்டர் ஃபான் என்றால் 600 இல் இருந்து 1500 வரை ஏதாவது ஒன்று. செருகிய ஹெடரில் பூச்சியம் என்று காட்டினால் ப்ளக் முழுதாக இறங்கவில்லை, அல்லது ஸ்ப்ளிட்டரில் அந்த நான்கு ஊசிக் கிளையில் ஒன்றும் மாட்டவில்லை.

அசூஸில் கியூ ஃபான், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபான் என்று ஒரு பக்கம் இருக்கும், மற்ற கொம்பனிகளும் ஏதோ ஒரு பெயரில் வைத்திருக்கும். அதில் 4 பின் ஃபானுக்குப் பி.டபிள்யூ.எம்., 3 பின் ஃபானுக்கு டி.சி. என்று மோடைத் தெரிவு செய்யுங்கள். ஓட்டோ என்றும் இருக்கும், பெரும்பாலும் அது சரியாகவே கண்டுபிடிக்கும். 3 பின் ஃபானைப் பி.டபிள்யூ.எம். மோடில் விட்டால் நான்காவது வயர் இல்லாததால் கட்டளை போய்ச் சேராது, 12 வோல்ட் முழுதாகப் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் கோட்டை எங்கே இழுத்து வைத்தாலும் அது தன் பாட்டுக்கு இரையும். "எவ்வளவு குறைச்சும் சத்தம் குறையேல்லை அண்ணை" என்று வருகிற முறைப்பாடுகளில் பாதி இதுதான்.

கோடு என்றேனே, எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்பதைப் புள்ளி வைத்து இழுக்கிற கோடு. இணையத்தில் குளிர் நாட்டுக்காரர் போடுகிற கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அம்மம்மாவின் பனையோலை விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை, இருக்கிற காற்றைத்தான் மேலே வீசும், கொம்பியூட்டர் ஃபானும் அவ்வளவுதான். அறையில் 33 பாகை என்றால் புரொசசர் எந்த ஃபான் போட்டும் 33 க்குக் கீழே இறங்காது. சித்திரை வெயிலில் சும்மா இருக்கும்போதே 45, 48 என்று நிற்கும், அதுவே பழுது இல்லை. குளிர் நாட்டுக்காரர் 40 பாகையிலேயே கோட்டை ஏற்றத் தொடங்கினால் எங்கள் வீட்டில் ஃபான் நாள் முழுக்க ஊளையிடும். நான் 50 பாகை வரை 35 சதவீதத்தில் தட்டையாக விட்டு, 65 இல் 60 சதவீதம், 80 இல் முழு வேகம் என்று வைத்திருக்கிறேன். சூடு ஒரு கணம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஃபானும் கூடவே ஊய் ஊய் என்று எழும்பி அடங்கினால், வேகம் மாற எடுக்கிற நேரத்தை இரண்டு மூன்று செக்கன் கூட்டிவிடுங்கள், அந்தத் தெரிவும் அதே பக்கத்திலேயே இருக்கும். விளையாடும்போது புரொசசர் 70, 80 இல் நின்றால் கவலைப்படாதீர்கள். 90 ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பெரும்பாலும் கூலர் சரியாக அமரவில்லை, அதற்கும் புரொசசருக்கும் இடையில் பூசுகிற பேஸ்ட் போடவில்லை, அல்லது கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கழற்ற மறந்துவிட்டீர்கள். சிரிக்காதீர்கள், அதுவும் நடந்திருக்கிறது.

ஃபான் வயரெல்லாம் இடம் சேர்ந்த பிறகும் மருமகன் கையில் இன்னும் மூன்று சின்ன வயர் மிஞ்சியது. அது பவர் பட்டனுக்கும் லைட்டுக்கும் போகிற வயர், அதைத்தான் அவன் முதலில் செருகியிருக்க வேண்டும். அதைச் சொல்லி முடிக்கும்போது பதினொன்றரை.

ஒன்று விட்டுப்போச்சு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செம்பாட்டுப் பக்கம் என்றால் மாதத்துக்கு ஒருமுறை, வலையைக் கழற்றித் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். ஃபானுக்குப் பெயின்ட் பிரஷ் போதும். புளோவர் பிடிப்பதென்றால் தகட்டை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு அடியுங்கள், தன் பாட்டில் பேய் வேகத்தில் சுத்த விட்டால் உள்ளே இருக்கிற பேரிங் கெட்டுவிடும். அந்த விர்ரென்ற சத்தம் கேட்க ஆசையாகத்தான் இருக்கும்.